டப்பாவுக்கு இரண்டு பாக்கெட்

அத்தியாயம் 14

மெர்சியின் நிச்சயதார்த்த மாலை தமிழினியின் கைக்கு வந்து அன்றோடு பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

திருப்பத்தூர் மாப்பிள்ளை இன்பராஜ் போட்ட மாலை. அதை மறுநாளே ஒரு துணிக்கடைப் பையில் போட்டு எடுத்துவந்து, "இந்தப் பூவுலயே எம்பொண்ணுக்குக் கல்யாணக் கம்மல் செஞ்சு குடுடி" என்று சொல்லிவிட்டுப் போனாள் மெர்சியின் அம்மா சவுரியம்மாள். தமிழினியின் அம்மாவோடு ஒரே ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை; தமிழினிக்குக் கூப்பிடு முறையில் பெரியம்மா. ஆறாம் வகுப்பில் யாரோ ஒருத்தியின் புத்தகப்பைக் கொக்கி மாட்டி அறுந்து, தைத்து ஒட்டிய மெர்சியின் வலது காது, மூன்று கிராமுக்கு மேல் எதையும் தாங்காது. தங்க ஜிமிக்கி போட்டால் கோயிலுக்குள் நுழையும்போது காதும், வெளியே வரும்போது ரத்தமுமாக இருக்கும். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது; அதற்கு முன் முடிந்தாக வேண்டும். இவ்வளவும் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதிகள்.

தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அது அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தது.

தமிழினி பி.எஸ்ஸி. வேதியியல். அந்தப் படிப்புக்கு இந்தப் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியின் லேப் தயாராகக் காத்திருந்தது. ஆறு மாதம் போனாள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள் காபியை முகர்ந்துவிட்டு, பிறகு பெண்ணையும் முகர்ந்துவிட்டுப் போனதோடு அந்த வேலையை விட்டாள். அப்புறம்தான் ரெசின் கம்மல். காய்ந்த பூவிதழைக் கண்ணாடி மாதிரி இறுகும் ரெசினுக்குள் புதைத்து, மேலே கோயில் நகைக் குமிழ், கீழே முத்துச்சரம். பார்த்தால் பாட்டன் காலத்து ஜிமிக்கி; தூக்கினால் காகிதம். 

தம்பி ஹேமந்த் அதற்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, தனக்குத்தானே மேனேஜிங் டைரக்டர் பதவியும் கொடுத்துக்கொண்டான். கல்லூரியில் மூன்று அரியர் வைத்திருந்தவனுக்கு அந்தப் பதவி ஒரு ஆறுதல். அப்பா பெருமாள் பெங்களூரில் செக்யூரிட்டி. மாதம் ஒரு ஞாயிறு வந்து, "யாவாரம் எப்படிப் போவுது?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் தூங்கிவிடுவார்.

அன்று காலை மெர்சியின் ஜோடியை அச்சிலிருந்து எடுத்திருந்தாள். சிவப்பு ரோஜா இதழ் ஒன்று, அதன் மேல் இரண்டு கனகாம்பரம். ஒரு குமிழிகூட இல்லை. கொக்கி மாட்டி ஒன்றை எடை போட்டாள். இரண்டே முக்கால் கிராம். தராசுக்கு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் ஒடுகத்தூர் ரோட்டுத் திருப்பத்தில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சாயங்காலம் ஆறரைக்கு வர வேண்டிய பஸ்.

அம்மா செண்பகம் உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"இன்னாம்மா இந்நேரத்துல? லீவு வுட்டுட்டாங்களா?"

"பேக்கிங் செக்ஷன மட்டும் அனுப்பிட்டாங்க."

"ஏன்?"

"தண்ணி குடு."

கொடுத்தாள். அம்மா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே தவிர, குடிக்கவில்லை.

"தீபாவளிக்கு முந்தி ஒரு லாட்டு போச்சு இல்ல, ஜெர்மனிக்கு? கண்டெய்னரத் தொறந்தா ஷூ பூரா வெள்ள வெள்ளையா பூஞ்சக்காளான். போட்டோ எடுத்து அனுப்பிட்டான். டப்பாவுக்கு ரெண்டு சிலிக்கா பாக்கெட் இருக்கணும். ஒண்ணுதான் இருக்குதாம்."

ஷூ டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் போடுகிற, சீரகப் பொட்டலம் அளவு வெள்ளைப் பாக்கெட். வெளியூர்க்காரர்கள் ஷூ வாங்கியதும் முதலில் தூக்கி எறிவது அதைத்தான். 

"எல்லா டப்பாலயுமா?"

"ஒரு லைன்ல மட்டும். எங்க லைன்ல. சவுரியக்கா சீல் போட்ட டப்பாங்க." சொம்பைக் கீழே வைத்தாள். "அக்காவ சஸ்பெண்டு பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழம விசாரணை. பசங்கெல்லாம் பாத்துக்கினே இருந்தாங்க, அக்கா கழுத்துலேர்ந்து ஐடி கார்ட கழட்டிக் குடுத்தாங்க."

"ஐயோ! மெர்சி கல்யாணம்?"

கேட்க வேண்டிய கேள்விதான். இன்பராஜின் அம்மா அதே கம்பெனியின் இன்னொரு யூனிட்டில் தையல் செக்ஷன். சம்பந்தி வீட்டுக்குச் சேதி போக யாரும் திருப்பத்தூர் வரை போக வேண்டியதில்லை; மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் போதும்.

அம்மா நேராகச் சமையலறைப் பக்கம் போய், தமிழினி பூ உலர்த்துகிற பெரிய தகர டப்பாவை இழுத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே சிலிக்கா மணிகள், ஜவ்வரிசி போல. நடுநடுவே புதைத்து வைத்த சாமந்தி இதழ்கள். மொத்தத்தையும் ஒரு அரிசிச் சாக்கில் கவிழ்த்தாள்.

"அம்மா! இன்னா பண்ற? அதுல ஆர்டர் பூ இருக்குது!"

"எங்கயாவது கொண்டும்போய் கொட்டணும். கிழிச்ச பாக்கெட்லாம் எங்கடி? அத மொதல்ல கொளுத்து."

"ஏம்மா கொளுத்தணும்? இது வேஸ்ட்டு தான? ஃப்ளோர்ல கூட்டி அள்றது. குப்பைக்குப் போறதுன்னு நீதான சொன்ன?"

சாக்கின் வாயைச் சுருட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"மொதல்ல குப்பதான்" என்றாள் அம்மா.

தமிழினிக்கு அந்த 'மொதல்ல' மட்டும்தான் கேட்டது.

வீட்டில் நடந்தது இதுதான். முதன்முதலில் தமிழினி பூவை வெயிலில் காய வைத்தாள். ரெசினுக்குள் போன பத்தாம் நாள் ரோஜா பீடித்துண்டு நிறத்துக்கு வந்தது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒருத்தி, "பல்லிய உள்ள வச்சிட்டீங்களா?" என்று எழுதியிருந்தாள். இரண்டு நாள் தமிழினி சாப்பிடாமல் அழுதாள். மூன்றாம் நாள் அம்மா டிபன் கேரியரின் அடித்தட்டில் ஒரு பிடி சிலிக்கா பாக்கெட் கொண்டுவந்தாள். கேட்டில் பையைச் சோதிக்கிற பெண் செக்யூரிட்டிகள் உண்டு. நேற்றைய மீன்குழம்பு ஒட்டிய கேரியரைத் தட்டுத் தட்டாகத் திறக்கச் சொல்லும் தைரியம் அவர்களில் யாருக்கும் இருந்ததில்லை.

பூ நிறம் மாறாமல் காய்ந்தது. ஆர்டர் வந்தது. தீபாவளிக்கு அது மழையாகவே வந்தது. வெளியிலும் மழை. பூ உலர்த்தும் மணிகள் நமத்துப் போயின. அப்போது ஒரு நாள் தமிழினி, அச்சைக் கழுவியபடியே, "பத்தலம்மா. இன்னும் ஜாஸ்தி கெடைக்குமா?" என்று கேட்டாள்.

நமத்துப்போன சிலிக்காவை வாணலியில் போட்டு இளம்சூட்டில் வறுத்தால் திரும்பப் புதுசாகிவிடும். ஒரே டப்பா மணிகளை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். மூன்று வருஷம் வேதியியல் படித்த தமிழினிக்கு இது தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து, யூட்யூபில் ஒரு கொரியாக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

"டப்பாவுலேர்ந்து எடுத்தியாம்மா?"

"ஒரு ஷூவுக்கு எதுக்குடி ரெண்டு பாக்கெட்டு?" அம்மாவின் குரல் கெஞ்சியது. "ஒண்ணு போதும்னு நெனச்சேன். நம்ம பூவே அதுல கெடாம இருக்குதே, தோலு இருக்காதா? அது பதப்படுத்துன தோலு. தோலு கெடக்கூடாதுன்னுதான ஆம்பூரே வேல செய்யுது? அது போய் பூஞ்ச புடிக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?"

வாசலில் பைக் நின்றது. மேனேஜிங் டைரக்டர் குதித்து உள்ளே வந்தார்.

"க்கா! பெங்களூர்ல ஒரு பொட்டீக் கடையில ஆர்டர் குடுத்திருக்காங்க. இருநூறு ஜோடி! மொத்தமும் கனகாம்பரம் டிசைன். அம்மா, நீயும் இருக்கியா, சூப்பர். ஸ்வீட் எடு." 

யாரும் அசையவில்லை. ஹேமந்த் சாக்கைப் பார்த்தான். காலி தகர டப்பாவைப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். நாலே வாக்கியத்தில் அவனுக்கு விஷயம் சொல்லப்பட்டது.

"அப்ப நம்ம கம்பெனியோட ரா மெட்டீரியல் சப்ளையர் அம்மாதானா?" என்றான்.

சொன்ன பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை. சாக்கின் மேலேயே உட்கார்ந்தான். உள்ளே மணிகள் நறநறத்தன.

"இப்ப இன்னா செய்யறது?"

"சொல்லிடணும்" என்றாள் தமிழினி. "இன்னிக்கே."

"யார் கிட்ட?"

"மொதல்ல பெரியம்மா கிட்ட. அப்பறம் கம்பெனில."

"சொன்னா?" அம்மா கேட்டாள். "திருடின்னு எழுதி அனுப்புவாங்க. அந்தப் பேரோட இந்தப் பக்கம் எந்த ஷூ கம்பெனியில என்ன சேப்பாங்க? பேர்ணாம்பட்டுலேர்ந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஒரே சேதிதான். இந்த வீட்ட உங்கப்பன் பெங்களூர்ல கேட்ட தொறந்து மூடற சம்பளத்துல நடத்தணுமா?"

"பெரியம்மாவுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸு" என்றான் ஹேமந்த், சாக்கைப் பார்த்தபடி. "ரெண்டு நாள் சத்தம் போட்டுட்டு எடுத்துப்பாங்க."

"எடுக்கலன்னா?" என்றாள் தமிழினி.

ஹேமந்த் சாக்கின் ஒரு நூலைப் பிரித்து இழுத்தான்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழவில்லை. சீராக மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள். அழுதிருந்தால் தமிழினிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நம்ம பெண் அழக்கூடாது என்று திருடியவளை, எந்த வார்த்தையால் திட்டுவது? 'பத்தலம்மா' என்று கேட்ட வாயே அல்லவா திட்ட வேண்டும்?

சாயங்காலம் நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தாள். அதற்கு அவசியமில்லாமல் போயிற்று.

மூன்று மணிக்குச் சவுரியம்மாளே வந்தாள்.

இரண்டு தெரு தள்ளி வரும்போதே குரல் முதலில் வந்து சேருகிற பெண்மணி. அன்று கேட்டைத் திறக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. நீலக் கம்பெனி கோட்டை இன்னும் போட்டிருந்தாள்.

"கார்ட வாங்கிக்கினாங்க. கோட்ட கேக்க மறந்துட்டாங்க. நானும் கழட்ட மறந்துட்டேன்" என்றாள், யாரும் கேட்காமலே. 

"ஒக்காருக்கா" என்றாள் அம்மா. அந்தக் குரல் யாருடையதோ போலிருந்தது.

"ஒக்கார்றதுக்கு இன்னா, இனிமே அதான் வேல." சவுரியம்மாள் நாற்காலியை விட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் எப்போதும் உட்காருகிற மாதிரி, தோளோடு தோள். "செண்பகம், வெள்ளிக்கிழம நீ வரணும். சாட்சிக்கு யாரையாவது கூப்ட்டுக்கலாம்னு சொன்னாரு, சூப்பர்வைசர் தபரேஸ் தம்பி. பாவம், அவருக்கே மூஞ்சியில ஈயாடல. நீதான எம்பக்கத்துல நிக்கறவ? டப்பாவுல நீ போடற. நான் சீல் வைக்கறேன். ரெண்டு ரெண்டுதான் போட்டோம்னு நீ சொல்லு. கொடோன்ல எவனோ பேமானி எடுத்திருக்கான். ஏத்தும்போது எடுத்திருக்கான். வேற எப்படிக் கம்மியாவும்?"

"ம்" என்றாள் அம்மா.

"வருவ இல்ல?"

"வர்றேங்க்கா."

தமிழினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். ஹேமந்த் சாக்கின் மேலிருந்து எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் சாக்கு தெரியும்.

"கோயில்ல இந்த ஞாயித்துக்கிழம மூணாவது கல்யாண ஓலை வாசிக்கறாங்க" என்றாள் சவுரியம்மாள். "இன்பராஜ் நல்ல பையன். அவங்கம்மாதான்... மத்தியானத்துலேர்ந்து ரெண்டு வாட்டி போன் பண்ணேன். எடுக்கல. தையல்ல இருப்பாங்க. ஷிப்ட்ல போன் எடுக்கக் கூடாது இல்ல?"

"ஆமாங்க்கா. எடுக்கக் கூடாது."

"அதான்." கோட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, "அடியே தமிழினி, அந்தக் கம்மல் முடிஞ்சிதா? எதயாவது நல்லதா கண்ணுல காட்டு" என்றாள்.

தமிழினி கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தாள். சவுரியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இதழின் நரம்புகூடத் தெரிந்தது. ஓரத்தில் மட்டும், மாலை கட்டியவர் நார் இறுக்கிய இடத்தில், ஒரு சின்ன மடிப்பு.

"யேசுவே! இப்பதான் பறிச்சாப்புல இருக்குது. பன்னெண்டு நாள் ஆவுதேடி. நீ எடுத்தது போக மாலையில மிச்சம் திருப்பிக் குடுத்ததெல்லாம் அழுகிப் போயி மூணாம் நாளே கொட்டிட்டேன். நீ எப்படிடி வாடாம வச்ச?"

"அது கெமிஸ்ட்ரி பெரியம்மா" என்று ஹேமந்த் அவசரமாகக் குறுக்கே வந்தான். "ட்ரேட் சீக்ரெட். வெளிய சொல்லமாட்டோம்."

சவுரியம்மாள் சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக இருக்கும். அந்தச் சிரிப்போடு அப்படியே விட்டிருக்கலாம். ஹேமந்த் அதற்காகத்தான் சொன்னான். நல்ல பொய்தான், கொஞ்சம் உண்மைகூடக் கலந்திருந்தது. 

தமிழினியால் முடியவில்லை.

"சிலிக்காவுல வச்சேன், பெரியம்மா."

"இன்னாது?"

"சிலிக்கா பாக்கெட்டு. உங்க கம்பெனிது. அம்மா கொண்டாந்தது. குப்பையில எடுத்தது கொஞ்சம். மீதி டப்பாவுலேர்ந்து எடுத்தது. தீபாவளி லாட்டுல. நான் பத்தலன்னு கேட்டேன். அதனாலதான்."

அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். 

சவுரியம்மாள் கத்துவாள் என்று தமிழினி எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தாள். சவுரியம்மாள் கம்மல் இரண்டையும் பக்கத்தில் இருந்த தினத்தாளின் மேல், ஒன்றோடொன்று உரசாமல், தள்ளித் தள்ளி வைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னிக்குத்தான். அம்மா வந்தப்பறம்."

"பதினொண்ணரைக்கா?"

"ஆமா."

"நான் பத்து மணிக்கு எழுதிக் குடுத்துட்டனேடி."

யாருக்கும் புரியவில்லை. சவுரியம்மாள் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். முகத்தை மூடியிருந்த கைகளைப் பார்த்து.

"டப்பாவ தொறந்து பாத்துட்டுதான் சீல் வச்சியான்னு கேட்டாங்க. அதான் என் வேல. தொறந்து எண்ணணும். மத்தவளுங்க டப்பாவ எண்ணுவேன். உன்னுத ஒரு நாளும் தொறந்ததில்ல. நீ போட்டா போட்டதுதான், அத இன்னா எண்ணறதுன்னு சீல் வச்சிடுவேன். தொறக்கலன்னு இன்னிக்குச் சொல்லியிருந்தா, 'யாரு டப்பா?'ன்னு அடுத்த கேள்வி வரும். உன்ன இழுப்பாங்க. பிள்ளைக்காரி, எதுக்குப் பேஜாருன்னு, எல்லா டப்பாவையும் நானே தொறந்து எண்ணிப் பாத்தேன், ரெண்டு ரெண்டு இருந்திச்சின்னு எழுதி, கையெழுத்து போட்டுட்டேன்."

அம்மாவின் கைகள் முகத்திலிருந்து இறங்கின.

"நான் இப்பவே போறேன்" என்று அம்மா எழுந்தாள். புடவைத் தலைப்பு நாற்காலியில் மாட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. "கம்பெனிக்குப் போயி நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்றேன். உன் மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்றேங்க்கா."

"ஒக்காரு."

"இல்லக்கா..."

"ஒக்காருடி. நீ எடுத்தேன்னு சொன்னா, நான் எண்ணினேன்னு எழுதினது பொய்யி. எதுக்குப் பொய் எழுதினன்னு கேப்பான். அவளும் இவளும் ஒண்ணா உக்காந்து வர்றவளுங்க, ஒண்ணா சாப்பட்றவளுங்க, ஒண்ணாத்தான் எடுத்திருக்காளுங்கன்னு முடிச்சிடுவான். நான் அவன் எடத்துல இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன்." சவுரியம்மாளின் குரலில் கோபமே இல்லை. பேக்கிங் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற குரல். "நீ சொன்னா ரெண்டு பேரும் வேலைய வுட்டுப் போறோம். சொல்லலன்னா நான் ஒருத்திதான் போறேன்."

உண்மையைச் சொன்னால் ஏதாவது ஒன்று சரியாகும் என்று தமிழினி நம்பியிருந்தாள். அது ஒன்றரை மணி நேரம் லேட்டாக வந்த உண்மை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"சோறு இருக்குதா?" என்று கேட்டாள் சவுரியம்மாள். "காத்தாலேர்ந்து ஒண்ணும் சாப்படல. வீட்டுக்குப் போனா மெர்சி மூஞ்சிய பாத்துக்கினு எறங்காது."

ஹேமந்த்தான் எழுந்து போனான். சாக்கு தெரிந்தது, அதைப் பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. சோறும், காலையில் வைத்த கத்திரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தான். வாழ்க்கையில் முதன்முறையாக அவன் பரிமாறினான். குழம்பைத் தட்டின் ஓரத்தில் ஊற்றத் தெரியாமல் நடுவில் ஊற்றினான்.

சவுரியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, பிசைந்து சாப்பிட்டாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிச் சோறு ஆனதும் தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"செண்பகம், வெள்ளிக்கிழம என்னக் கேப்பாங்க. எழுதிக் குடுத்ததே சரின்னு நிக்கணுமா, இல்ல தொறந்து பாக்கலன்னு மாத்திச் சொல்லணுமா? எனக்கு யோசன ஓடல. நீயே சொல்லு. நீ சொல்றதச் சொல்றேன்."

அம்மா தமிழினியைப் பார்த்தாள்.

"அம்மா..." என்றாள் தமிழினி.

"நீ இரு. உன்னக் கேக்கல" என்றாள் சவுரியம்மாள். 

கத்திரிக்காயின் காம்பை ஓரத்தில் ஒதுக்கினாள். ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள். அம்மா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை வாங்க நீட்டிய அம்மாவின் கையில் சவுரியம்மாள் அதைக் கொடுக்கவில்லை. தானே எடுத்துப்போய்த் தொட்டிப் பக்கம் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

வாசலில் நின்று கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்குச் செவ்வாய்தான. மூணு நாள் இருக்குது" என்றாள். "பொறுமையா சொல்லு."